சகலை வாங்கிய ரயில் பாஸ்

2019 மே மாதம் ஜப்பான் போய்த் திரும்பியதிலிருந்து, அங்கே போகப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். "ஜே.ஆர். பாஸா? கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க."

அன்றைக்கு அது தப்பான யோசனை இல்லை. நாடு முழுக்க ஓடும் ஜே.ஆர்., அதாவது ஜப்பான் ரயில்வே ரயில்களில் ஏழு நாள் ஏறி இறங்க 29,110 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போய்வரவே 27,000 யென்னுக்கு மேல் ஆகும். அதற்குமேல் ஹிரோஷிமாவுக்கு ஒரு நடை போனால் அத்தனையும் லாபம். நானும் மனைவியும் அப்படித்தான் சுற்றினோம். கணக்கே போடவில்லை, போடத் தேவையும் இருக்கவில்லை.

2023 அக்டோபரில் அந்த ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆனது. பதினான்கு நாள் பாஸ் 80,000, இருபத்தொரு நாள் பாஸ் ஒரு லட்சம். அதற்குச் சற்று முன்பு ஏழு நாளுக்கு 29,650 யென்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் ஏறிவிட்டது. எனக்கு அது செய்தியாகத் தெரியும். ஆனால் என் பழைய வசனத்தைக் கேட்டவர்களிடம் போய் "அதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று நான் சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

2024 மே மாதம் நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்: நான், மனைவி, அவளுடைய அக்கா, என் சகலை. மூன்று இரவு டோக்கியோ, நான்கு இரவு கியோட்டோ, கடைசியாக மறுபடியும் டோக்கியோவில் ஓர் இரவு. ரயில் செலவைப் பற்றிப் பேசலாம் என்று நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது சகலை சிரித்தார்.

"எங்க ரெண்டு பேருக்கும் பாஸ் வாங்கியாச்சு. நீங்கதானே கண்ணை மூடிக்கிட்டு வாங்கச் சொன்னீங்க?"

சொன்னது நான்தான். மறுக்க முடியவில்லை.

சரி, வாங்கியது வாங்கியதுதான், கணக்கையாவது பார்ப்போம் என்று எழுதினேன். டோக்கியோ–கியோட்டோ, நொசோமி ரயிலில் இருக்கை பதிவோடு ஒரு வழிக்கு 14,170 யென். போக வர 28,340. கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போய்வர ஏறத்தாழ 23,000. நாரா போய்வர 1,440. கூட்டினால் 52,780. பாஸ் 50,000. "பார்த்தீங்களா, அப்பவும் லாபம்தான்" என்றார் சகலை. காகிதத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் அந்த லாபம் முழுக்க ஹிரோஷிமா என்ற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாள் பயணம் கழன்றுவிட்டால் மொத்தம் முப்பதாயிரத்துக்குக் கீழே போய்விடும், இருபதாயிரம் நஷ்டம். இதை நான் அப்போதே கவனித்தேன். சொல்லவில்லை. வாங்கிய பொருளைப் பற்றிக் குறை சொன்னால் பயணத்துக்கு முன்பே முகம் சுருங்கும்.

இன்னொரு வழியும் கண்ணில் பட்டது. மேற்குப் பகுதிக்கு மட்டும் செல்லுபடியாகும் கன்சாய்–ஹிரோஷிமா பாஸ், ஐந்து நாளுக்கு 17,000 யென். ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரை ஷின்கான்சென், நாரா போகும் ரயில், மியாஜிமா தீவுக்குப் போகும் ஜே.ஆர். படகு எல்லாம் அதில் அடக்கம். டோக்கியோவிலிருந்து போகவும் வரவும் தனியாக டிக்கெட் எடுத்து, நடுவில் இதை வைத்துக்கொண்டால் 45,340 தான் வருகிறது. பெரிய பாஸைவிடக் குறைவு. அதோடு ஹிரோஷிமா போவதா வேண்டாமா என்று கியோட்டோவில் இருந்துகொண்டே முடிவு செய்யலாம்; அன்று காலை ரயில் நிலையத்தில் வாங்கினால் போதும். நானும் மனைவியும் அப்படியே செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கினோம். சகலை கையில் இருந்தது பாஸ் அல்ல, பாஸுக்கான சீட்டு. அதையும் பாஸ்போர்ட்டையும் ஜே.ஆர். கவுண்டரில் காட்டி, எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று சொன்னால் நிஜப் பாஸ் கையில் தருவார்கள். சீட்டை மாற்றும் அன்றே தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரு மாதத்துக்குள் எந்த நாளையும் சொல்லலாம். ஆனால் தேதி அச்சாகிவிட்டால் அதோடு சரி, மாற்ற முடியாது. நான் அந்த நேரத்தில் பஸ், மெட்ரோவுக்கு வேண்டிய சுயிகா கார்டுகளை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் சகலை வெற்றிப் புன்னகையோடு நிற்கிறார்.

"இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். நரிட்டா எக்ஸ்பிரஸ் 3,070 யென் நமக்கு மிச்சம். செவ்வாய்க்குச் செவ்வாய் ஏழு நாள், நாம டோக்கியோ திரும்புறதும் செவ்வாய்தான். கணக்கு டக்குன்னு நிக்குது."

செவ்வாய்க்குச் செவ்வாய் ஏழு நாள். நானும் தலையாட்டினேன். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நோட்டில் அத்தனை எண்களை எழுதியவன், விரல் விட்டு ஏழு எண்ணவில்லை.

டோக்கியோவில் இரண்டு நாள். நாங்கள் தங்கியது கான்டாவில். அங்கிருந்து அசகுசா கோயிலுக்கு மெட்ரோவில் நேராகப் போகலாம், கின்சா லைனில் பத்து நிமிடம், 180 யென். ஆனால் மெட்ரோ ஜே.ஆர். இல்லை, பாஸ் செல்லாது. கியோட்டோவின் நகரப் பேருந்துகளுக்கும் இதே கதைதான். பாஸைக் கையில் வைத்துக்கொண்டு 180 யென் கொடுப்பதா? சகலைக்கு மனசு வரவில்லை. ஜே.ஆரில் உவேனோ வரை போய், அங்கிருந்து நடக்கலாம் என்றார். "பக்கம்தான்." வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர் வரும். அக்காவுக்கு வலது முழங்காலில் ஏற்கெனவே தொந்தரவு. பாதி வழியில் ஒரு தானியங்கி பான இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலைத் தேய்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

பாஸ் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்பதை அந்த இரண்டு நாளில் பார்த்தேன். சகலை சாதாரணமாகக் கஞ்சர் இல்லை. சாப்பாட்டுக்கு விலைப்பட்டியலே பார்க்க மாட்டார். ஆனால் முன்பணம் கட்டிய ஒரு பொருள் பையில் இருந்தால், அதைப் பயன்படுத்தாத ஒவ்வொரு அடியும் நஷ்டமாகத் தெரிகிறது போலிருக்கிறது. டோக்கியோவுக்குள் ஜே.ஆரில் ஒரு தடவை ஏறி இறங்க இருநூறு யென்கூட ஆகாத தூரங்கள்தான் அதிகம். ஒரு நாளில் ஐந்து தடவை ஏறினாலும் ஆயிரம் தேறாது. பாஸ் கணக்கில் இந்தச் சில்லறையைச் சேர்ப்பதே தப்பு என்பது என் கட்சி. நீளமான பயணங்களை மட்டும் எழுத வேண்டும். அவை பாஸ் விலையைத் தொடவில்லை என்றால் சில்லறை வந்து தூக்கி நிறுத்தாது.

வெள்ளிக்கிழமை கியோட்டோ. இங்கே இன்னொரு முடிச்சு. டோக்கியோ–கியோட்டோ தடத்தில் வேகமான ரயில் நொசோமி. சில நிமிடங்களுக்கு ஒன்று கிளம்பிக்கொண்டே இருக்கும், இரண்டே கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஜே.ஆர். பாஸ்காரர்கள் முன்பு அதில் ஏறவே முடியாது. 2023 விலையேற்றத்தோடு சேர்த்து, கூடுதல் கட்டணம் கட்டினால் ஏறலாம் என்று ஆக்கினார்கள். கியோட்டோவுக்கு அந்தக் கூடுதல் 4,960 யென். 50,000 கொடுத்தவர் அதையும் கொடுப்பாரா? மாட்டார். அதனால் வேகத்தில் அதற்கு அடுத்த ஹிகாரி ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அது மணிக்கு இரண்டு வந்தால் அதிகம், பயணமும் கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம் கூடுதல். நாங்கள் மட்டும் நொசோமியில் முன்னால் போய் இவர்களுக்காகக் கியோட்டோவில் உட்கார்ந்திருப்பதா? 13,850 கொடுத்து நாங்களும் ஹிகாரியிலேயே டிக்கெட் எடுத்தோம். கூட்டமாகப் போகும்போது ஒருவர் பாஸ் எடுத்தால் எல்லோருமே பாஸ் எடுத்த மாதிரிதான், காசு மிச்சம் என்பதைத் தவிர. இது எனக்கு முன்கூட்டித் தோன்றவே இல்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆணி.

காலை ஆறரை மணி. ஏழரைக்குள் கிளம்ப வேண்டும் என்று முந்தின இரவே பேசி வைத்திருந்தோம். சனிக்கிழமை முழுக்கக் கியோட்டோ கோயில் படிகளில் ஏறி இறங்கியிருந்தோம். அக்கா போர்வையை விட்டு வெளியே வரவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது.

"எழுந்திரு. இன்னிக்குப் போகலைன்னா பாஸ் வேஸ்ட்" என்று சகலை சொல்லிக்கொண்டிருப்பது பக்கத்து அறையில் எங்களுக்குக் கேட்டது. அக்காவின் குரலும் தெளிவாகக் கேட்டது.

"அப்ப அந்தப் பாஸை மட்டும் ஹிரோஷிமாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நான் தூங்கறேன்."

என் மனைவி அக்காவுக்குத் துணையாக இருந்துவிட்டாள். நானும் சகலையும் மட்டும் கிளம்பினோம். கியோட்டோ நிலையத்தில் எனக்கு மட்டும் அந்த 17,000 யென் பாஸை வாங்கினேன். மனைவிக்கு வாங்கவில்லை. முந்தின வாரமே இரண்டு பேருக்கும் வாங்கியிருந்தால் அந்தப் பணம் போயிருக்கும். முன்கூட்டி வாங்குவதில் எனக்கு இருந்த மோகம் அன்று காலையோடு தீர்ந்தது.

கியோட்டோவிலிருந்து ஷின் ஒசாகா வரை என் பாஸில் ஷின்கான்சென் ஏற முடியாது. 1987-இல் ஜப்பான் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது பயணிகள் ரயில்கள் ஆறு கம்பெனிகளுக்குப் போயின. டோக்கியோவிலிருந்து ஷின் ஒசாகா வரைக்கும் ஷின்கான்சென் ஒரு கம்பெனி, அதற்கு மேற்கே வேறொன்று. என் பாஸ் மேற்குக் கம்பெனியுடையது. அதனால் அந்தத் துண்டு தூரத்துக்குச் சாதாரணத் தண்டவாளத்தில் ஓடும் விரைவு ரயிலைப் பிடித்தோம், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து சகுரா ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஹிரோஷிமா. வட்டாரப் பாஸ் வாங்குபவர்கள் இந்த எல்லைக்கோட்டை மட்டும் பார்த்துவிட வேண்டும். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும் பாதை நடுவில் கை மாறியிருக்கும்.

ஹிரோஷிமா பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். அமைதிப் பூங்காவில் சகலை பாஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று மட்டும் சொல்கிறேன். மியாஜிமா படகுத்துறையில் பழையபடி ஆனார். படகுக் கட்டணம் இரண்டு பாஸிலும் அடக்கம், ஆனால் தீவுக்குள் நுழைய ஆளுக்கு 100 யென் வரி கட்ட வேண்டும். "இதுக்கும் பாஸ் இல்லையா?" என்று கேட்டார், பாதி விளையாட்டாக.

திங்கட்கிழமை நான்கு பேரும் நாரா. ஜே.ஆர். நிலையத்திலிருந்து மான்கள் திரியும் பூங்கா கொஞ்சம் தூரம். கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் போயிருந்தால் பக்கத்திலேயே இறக்கிவிட்டிருக்கும், கட்டணமும் நாற்பது யென்தான் அதிகம். ஆனால் அது எங்கள் பாஸ் எதிலும் வராது. இந்த முறை அக்கா யாரையும் கேட்கவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நேராகப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பின்னால் ஏறினோம்.

செவ்வாய்க்கிழமை காலை. கியோட்டோ நிலையம், ஷின்கான்சென் நுழைவாயில். மறுபடியும் ஹிகாரிதான், பதிவில்லாத பெட்டியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று திட்டம். நான் டிக்கெட் இயந்திரத்தின் முன் நின்று எங்கள் இரண்டு பேருக்கு எடுக்கத் தொடங்கியிருந்தேன். பின்னால் பீப் பீப் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், சகலை வாயிலின் இரண்டு கதவுத் தகடுகளும் வயிற்றில் முட்ட நிற்கிறார். பாஸ் திரும்ப வெளியே வந்திருந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் சத்தம். பின்னால் பெட்டிகளோடு வரிசை.

ஓரத்தில் இருந்த ஊழியரிடம் போனோம். வெள்ளைக் கையுறை போட்ட விரலால் பாஸில் இருந்த கடைசித் தேதியைத் தொட்டுக் காட்டினார். பிறகு தன் மேசைமேல் இருந்த நாட்காட்டியைக் காட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

ஏழு நாள் என்றால் ஏழு இருபத்துநான்கு மணி நேரம் இல்லை. காலண்டரில் ஏழு தேதி. செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் அந்தச் செவ்வாய் முழு நாளாகக் கணக்கில் போய்விடும். திங்கள் நள்ளிரவோடு எல்லாம் முடிந்தது. 3,070 யென் மிச்சம் பிடிக்கப் போய் 14,170 யென் ரயிலைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டோம். வெள்ளிக்கிழமை தொடங்கியிருந்தால் டோக்கியோ திரும்புவது, நரிட்டா போவது எல்லாமே உள்ளே வந்திருக்கும். விமானம் இறங்கியதும் பாஸைத் தொடங்குவது என்பது, எனக்குத் தெரிந்து, இதில் எல்லோரும் செய்யும் தப்பு. முதல் நீளப் பயணத்தின் காலையில்தான் தொடங்க வேண்டும்.

சகலை கொஞ்ச நேரம் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "அப்ப இனி ஹிகாரி எதுக்கு? நொசோமியில போவோம்." நான்கு பேரும் 14,170 கொடுத்து ஏறினோம். பயணத்திலேயே அவர் நிம்மதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது அந்த ரயிலில்தான்.

நகருக்குள் போன சில்லறையை விட்டுவிட்டு, திரும்பும் விமானத்தில் கணக்கு எழுதினேன். அக்கா: பாஸ் 50,000, டோக்கியோ திரும்ப 14,170, நரிட்டாவுக்கு 3,070. மொத்தம் 67,240 யென். என் மனைவி, அதே ஊர்களுக்கு, அதே ரயில்களில், பக்கத்து இருக்கையில்: 35,600. ஹிரோஷிமா போன எனக்கே 51,160 தான் ஆனது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சகலை பாஸைச் சரியான நாளில் தொடங்கியிருந்தால் அவருடைய மொத்தம் 53,070. எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும். அத்தனை நோட்டுக் கணக்கும் அந்த இரண்டாயிரத்துக்குத்தான்.

நிஜமான பணம் வேறு இடத்தில் போயிருந்தது, அது என் தப்பு. விமான டிக்கெட் எடுத்தவன் நான். டோக்கியோவில் இறங்கி டோக்கியோவிலேயே ஏறுவது கொஞ்சம் மலிவாக இருந்தது, எடுத்துவிட்டேன். ஒசாகா பக்கம் இருக்கும் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவது போல எடுத்திருந்தால், நரிட்டாவிலிருந்து 3,070, கியோட்டோவுக்கு 14,170, அந்த 17,000 யென் பாஸ். அவ்வளவே: 34,240. ஹிரோஷிமா, நாரா, விமான நிலையம் போகும் ஹருகா ரயில் எல்லாம் அந்தப் பாஸுக்குள்ளேயே முடிந்திருக்கும். பாஸ் வாங்கலாமா என்ற கேள்வியை விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் பின்னால் கேட்டேன்.

பெரிய பாஸ் யாருக்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். டோக்கியோவிலிருந்து தெற்கே கியூஷு தீவில் இருக்கும் ஹக்காட்டா வரை நொசோமியில் ஒரு வழிக்கே 23,000 யென்னுக்கு மேல். அங்கே வரை போய்த் திரும்பி, வழியில் இரண்டு மூன்று ஊரில் இறங்கி ஏறுபவர், அதையும் ஒரே வாரத்துக்குள் செய்பவர், தாராளமாக வாங்கலாம். ஆனால் அவருக்கு முழங்கால் நன்றாக இருக்க வேண்டும். கூட வருபவருக்கும்.

போன மாதம் சகலையிடமிருந்து ஒரு படம் வந்தது. நோட்டுத் தாளில் கட்டம் போட்டு எழுதியிருந்தார்: தேதி, கிழமை, எங்கிருந்து எங்கே, எத்தனை யென். மறுபடியும் ஜப்பான், இந்த முறை டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா, ஹக்காட்டா, குமமோட்டோ, திரும்ப டோக்கியோ. ஏழு தேதிகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் அக்காவின் கையெழுத்தில், 'நடுவில் ஒரு நாள் ஓய்வு'.

படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் போன் வந்தது.

"பாஸ் வாங்கலாமா சகலை? இந்தத் தடவை கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."